தெரிந்தவர் சொல்லாதது ஏன்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் படப்பையைக் கடந்தால் சேரப்பணஞ்சேரி வருகிறது. அதற்கு அப்பால் ஒரகடம். ஏரிப்பாசனத்தை நம்பி நெல் விளைவித்த இவ்வட்டாரத்தின் தோற்றம் முப்பது ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998ல் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010ல் ரெனோ–நிசான், 2012ல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013ல் ராயல் என்ஃபீல்டு என ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. இன்று ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதைச் சேரப்பணஞ்சேரியில் நின்று பார்க்கலாம்.

இந்த ஆலைகளுக்குள் இரும்பும் அலுமினியமும் மின்சாரமும் எவ்வளவு செல்கின்றன என்பதற்குக் கணக்கு உண்டு. ஆனால் எந்தக் கணக்கிலும் ஏறாத பண்டம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. பிரஸ் எந்திரத்தின் ஓசை சற்றே மாறினால், டை தேயத் தொடங்கிவிட்டது என்பது அதன் முன் நாள்தோறும் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி அடைமழையில் பெயிண்ட் ஷாப்பில் எந்த மூலையில் பூச்சு சரியாகப் பிடிக்காது என்பதும் அங்கே வேலை செய்பவருக்குத் தெரியும். இவை கையேட்டில் இல்லாதவை. அறிந்தவர் இதைப் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிறாரா? அடுத்த ஷிப்டில் வருபவருக்குச் சொல்கிறாரா? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். தொழிற்கூடங்களிலோ சட்டியில் நிறையவே இருக்கிறது, அகப்பையில்தான் வருவதில்லை. ஏன் வருவதில்லை, எப்போது வருகிறது என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

சொல்ல இயலாத அறிவு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். அறிவைப் பகிராதவர் எல்லாரும் மறைப்பவர் அல்லர். தமக்கு என்ன தெரியும் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இதற்கு இயற்பியலிலிருந்தே நல்ல சான்று கிடைக்கிறது.

1970ல் கனடா நாட்டுப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்று புதுவகை லேசரை அறிவித்தது. கார்பன்-டை-ஆக்சைடு வாயுவை வளிமண்டல அழுத்தத்திலேயே வைத்து, குழாயின் குறுக்காக மின்னிறக்கம் செய்து இயக்கும் லேசர் அது. அடக்கமான கருவி, ஆற்றலோ மிகுதி. செய்முறை ஆய்விதழ்களில் வெளிவந்தது. பிரிட்டனின் ஆய்வுக்கூடங்கள் பல அதைச் செய்ய முற்பட்டன. ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலறிஞர் இந்த ஆய்வுக்கூடங்களுக்கு நேரில் சென்று, யார் செய்தார்கள், யாரால் இயலவில்லை என்று விசாரித்து 1974ல் எழுதினார். அவர் கண்டது வியப்பானது. ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் படித்து எவரும் அந்த லேசரை இயங்கச் செய்யவில்லை. வெற்றி பெற்றவர்கள் எல்லாரும், இயங்கும் லேசரை முன்பே செய்திருந்த ஒருவருடன் நேரில் பழகியவர்கள்!

காரணங்களில் ஒன்று எளிய இயற்பியல்தான். மின்தேக்கியிலிருந்து மின்வாய்க்குச் செல்லும் கம்பி நீண்டால் அதன் தன்தூண்டல் கூடுகிறது. மின்னோட்டம் போதிய விரைவில் உயர்வதில்லை. வாயு முழுவதும் சீராக ஒளிர்வதற்கு மாறாக ஒரே இடத்தில் பொறி பாய்ந்துவிடும். ஆகவே கம்பி குட்டையாக இருக்க வேண்டும். வெற்றி பெற்ற கருவியைக் கண்ணால் பார்த்தவர், மின்தேக்கியை அதே இடத்தில் பொருத்தினார்; கம்பியும் குட்டையாகவே அமைந்தது. அது முக்கியமென்று பார்த்தவருக்கும் தெரியாது, காட்டியவருக்கும் தெரியாது! கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியைத் தட்டிச் சரிசெய்யும் உதவியாளரிடம் “எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு மீண்டும் ஒருமுறை செய்து காட்டுவாரேயொழிய, விளக்கம் வராது.

காலின்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். போட்டியில் இருந்த விஞ்ஞானிகள் தம்மிடம் வந்தவர்களுக்குப் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னார்கள். கேளாததைத் தாமாகச் சொல்லவில்லை. அறிவை மறைப்பதற்கு இதைவிடக் கண்ணியமான வழி இல்லை. நம் அலுவலகங்களிலும் இது வழக்கத்தில் உள்ளது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

கூலிக் கணக்கு

இனி, தெரிந்தே சொல்லாதவர்களிடம் வருவோம். இவர்களை முதன்முதலில் கூர்ந்து ஆராய்ந்தவர் அமெரிக்க எந்திரவியலாளர் பிரெடரிக் டெய்லர். வசதியான வீட்டுப் பிள்ளையான இவர், 1878ல் பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகாலையில் தொழிலாளியாகச் சேர்ந்து, லேத் பட்டறையின் மேஸ்திரியாக உயர்ந்தார். பட்டறையில் எவ்வளவு வேலை நடக்கலாமோ அதைவிட மிகக் குறைவாகவே நடக்கிறது என்றும், அது திட்டமிட்டே நடக்கிறது என்றும் கண்டார்.

சோம்பேறித்தனமா? டெய்லரே அப்படி நினைக்கவில்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒருவர் உருப்படிக்கு 6 ரூபாய் கூலியில் மணிக்கு 10 உருப்படி செய்கிறார் என்று கொள்வோம். வருமானம் 60 ரூபாய். அவர் தம் மூளையைப் பயன்படுத்திச் சிறு ஜிக் ஒன்றைச் செய்து மணிக்கு 15 உருப்படி எடுக்கிறார். 90 ரூபாய் கிடைக்கிறது. இது வெளியே தெரிந்ததும் நிர்வாகம் கூலியை 4 ரூபாயாக்குகிறது. இப்போது 15 உருப்படி செய்தால் பழைய 60 ரூபாய்! மணிக்கு 30 உருப்படி தேவைப்படும் பட்டறையில் மூவர் இருந்த இடத்தில் இருவர் போதும் என்றும் ஆகிவிடுகிறது. மூன்றாமவர் யார்? ஜிக்கை மறைத்து வைத்துக்கொள்வதே அறிவுள்ளவர் செய்யும் காரியம். 1944–45ல் சிகாகோ வட்டாரத்து எந்திரப் பட்டறை ஒன்றில் தொழிலாளியாக வேலை பார்த்து ஆராய்ந்த டொனால்டு ராய் என்பவரும் இதே மறைப்பு முறைகளை விரிவாக எழுதியிருக்கிறார். டெய்லருக்குப் பின் அறுபது ஆண்டுகள் கழிந்தும் பட்டறையின் கணக்கு மாறவில்லை.

நோயைச் சரியாகக் கண்டறிந்த டெய்லர் கொடுத்த மருந்து வேறு. தொழிலாளியிடம் உள்ள அறிவை அவர் சொல்லக் காத்திராமல், நிறுத்துகடிகாரத்தை வைத்து ஒவ்வொரு அசைவையும் அளந்து, அதை நிர்வாகத்தின் திட்ட அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்றார். 1911ல் இக்கொள்கையை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், வாட்டர்டவுன் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் நிறுத்துகடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு டெய்லரையே அழைத்து விசாரித்தது. பின்னர் அரசுப் படைக்கலச் சாலைகளில் அக்கடிகாரத்துக்குத் தடையும் வந்தது. சொல்லாததைப் பறிக்க முயன்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது முதற் பாடம்.

ஒரு பத்திரிகை செய்த வேலை

மாற்று வழி ஜப்பானில் உருவான கதை நம் பத்திரிகை வாசகர்களுக்குச் சுவையானது. போருக்குப் பின் ஜப்பானியப் பொருளென்றாலே மட்டமான சரக்கு என்று பெயர். 1950ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள் சங்கம் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கை அழைத்துத் தரக்கட்டுப்பாடு பற்றிச் சொற்பொழிவாற்றச் செய்தது. அடுத்த ஆண்டே அவர் பெயரால் பரிசும் நிறுவப்பட்டது. ஆனால் பொறியியலாளர் கற்றது பட்டறைத் தளத்துக்கு எப்படி இறங்கும்? 1962 ஏப்ரலில் அச்சங்கம் மேஸ்திரிகளுக்கென ஒரு பத்திரிகை தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய பேராசிரியர் கவோரு இஷிகாவா, மேஸ்திரி தம் கைக்காசில் வாங்கும்படி விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தனியே படித்தால் பாதியில் மூடி வைத்துவிடுவார்கள் என்பதால், சிறு குழுக்களாகக் கூடிப் படிக்கும்படி பத்திரிகை தூண்டியது. படித்ததைத் தம் எந்திரத்திலேயே சோதித்துப் பார்க்கவும் சொன்னது. அப்படிப் பிறந்தவையே ‘தர வட்டங்கள்’. முதல் வட்டம் அதே ஆண்டு மே மாதம் தொலைபேசித் துறையின் மட்சுயாமா பிரிவில் பதிவாயிற்று.

ஆறு முதல் பத்துப் பேர். வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். எந்தச் சிக்கலை ஆராய்வது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். பழுதின் காரணங்களை மீன்முள் போலக் கிளைவிட்டு வரைகிறார்கள். இந்தப் படமும் இஷிகாவா தந்ததுதான். ஒருவர் தெரிந்ததைச் சொன்னால் அது முள்ளில் ஏறுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு, தமக்குத் தெரியும் என்று அதுவரை தெரியாதது நினைவுக்கு வருகிறது. லேசர்க் கம்பிக் கதையை இங்கே பொருத்திப் பாருங்கள்.

இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவோர் உண்டு. வட்டம் போட்டால் போதும், அறிவு ஊற்றெடுக்கும் என்பது போல! கதையின் மறுபாதி டொயோட்டா ஆலையில் இருக்கிறது. 1950ல் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்தது. முடிவில் சுமார் 2,000 பேர் வெளியேறினர். நிறுவனர் கீச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். அதற்குப் பின், இனி நிரந்தரத் தொழிலாளியை வெளியே அனுப்புவதில்லை என்ற புரிதல் படிப்படியாக வேரூன்றியது. 1951ல் டொயோட்டா தன் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த யோசனைப் பெட்டி, எய்ஜி டொயோடா அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையில் பார்த்துவிட்டு வந்தது! ஜப்பானில் சேர்ந்தது, ‘நீ சொல்லும் யோசனையால் உன் வேலையோ உன் தோழன் வேலையோ போகாது’ என்ற உறுதிதான். டெய்லர் கணக்கில் அந்த மூன்றாமவர் இப்போது அஞ்ச வேண்டியதில்லை.

அந்த உறுதிக்கும் எல்லை இருந்தது. பருவத் தொழிலாளர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். 1972–73ல் டொயோட்டாவில் பருவத் தொழிலாளியாகச் சேர்ந்து வேலை பார்த்த பத்திரிகையாளர் சடோஷி கமடா, உள்ளிருந்து கண்ட களைப்பையும் கசப்பையும் நூலாக எழுதினார்.

ஜப்பானியர்க்கு அது இயல்பு, பிறருக்கு ஒத்துவராது என்று சொன்னவர்களுக்குக் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் பதில் சொன்னது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, தகராறுகளுக்கும் வேலைக்கு வராமைக்கும் பேர் போனது, 1982ல் மூடப்பட்டது. 1984ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாக அதைத் திறந்தபோது, பழைய தொழிலாளர்களே பெரும்பாலும் திரும்ப வந்தார்கள். தொழிற்சங்க ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதப்பட்டது: ஆட்குறைப்பைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும், அதற்கு முன் அதிகாரிகளின் சம்பளம் குறைய வேண்டும், வெளியே கொடுத்த வேலைகள் உள்ளே வர வேண்டும். 1987–88ல் விற்பனை படுத்தது. ஒருவரும் நீக்கப்படவில்லை; மிகுந்த நேரம் பயிற்சிக்குச் சென்றது. யோசனை கூறுவோர் 1986ல் நூற்றுக்கு 26 பேர். 1991ல் 92 பேர்! இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே வேலையை அளக்க நிறுத்துகடிகாரம் மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை அதைப் பிடித்திருந்த கை தொழிலாளியுடையது. ஒருவரையொருவர் அளந்து, சிறந்த முறையை அவர்களே எழுதி வைத்தார்கள்.

ஐதராபாத்தும் பாடியும்

நம் நாட்டில் தர வட்டம் 1980–81ல் ஐதராபாத்தை அடுத்த ராமச்சந்திரபுரத்தில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தில் தொடங்கியது. அங்கு உயர் அலுவலராக இருந்த எஸ்.ஆர். உட்பா இதற்கு முன்னோடி. 1982ல் இந்தியத் தர வட்ட மன்றமும் அமைந்தது. முதல் முயற்சி பொதுத்துறை ஆலையில் வேர்பிடித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே வேலை உறுதி இருந்தது.

தமிழகத்தில் இதன் பெரிய அடையாளம் சென்னை பாடி. 1962ல் பிரிட்டிஷ் கூட்டுறவோடு தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் அங்கே லாரிகளுக்குக் காற்றழுத்த பிரேக் செய்துவந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளரும் காலம் நெருங்கியபோது, எண்பதுகளின் இறுதியில் தர இயக்கத்தில் இறங்கியது. பேராசிரியர் யோஷிகாசு சுடா போன்ற ஜப்பானிய அறிஞர்கள் வந்து வழிகாட்டினார்கள். 1998ல் அதன் பிரேக் பிரிவு டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெறுவது அதுவே முதல் முறை. 2002ல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும், 2003 முதல் 2007 வரை ராணே குழுமத்தைச் சேர்ந்த சில நிறுவனங்களும் அதே பரிசைப் பெற்றன. இக்கதை நம் சாலைக்கே வந்து சேர்கிறது. சுந்தரம் கிளேட்டனின் அலுமினிய வார்ப்பாலை ஒன்று ஒரகடத்தில் உள்ளது. ராணே ஆலை ஒன்று ஒரகடத்துக்கு மேற்கே வாரணவாசியில் உள்ளது.

பரிசு என்றதும் பணம் நினைவுக்கு வரும். யோசனைக்கு இவ்வளவு ரூபாய் என்று கொடுத்தால் அறிவு வெளிவராதா? ஓரளவு வரும், ஆனால் ஜெராக்ஸ் கம்பெனியின் அனுபவத்தையும் கேளுங்கள். நகலெடுக்கும் எந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு எண்பதுகளில் சுற்றித் திரிந்து ஆராய்ந்தார் ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர். கையேடு கைவிட்ட பழுதுகளை இவர்கள் உணவு வேளையில் கதை பேசித்தான் தீர்க்கிறார்கள் என்று அவர் கண்டார். அந்தக் கதைகளைக் கணிப்பொறியில் ஏற்றி எல்லாரும் பயன்படுத்தும் ஏற்பாடு, தொண்ணூறுகளில் முதலில் பிரான்சில் தொடங்கியது. ஒருவர் அனுப்பும் குறிப்பைச் சக தொழில்நுட்பர்களே சோதித்து ஏற்றார்கள். குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு எழுந்தபோது, வேண்டாம், எழுதியவர் பெயர் குறிப்போடு நிற்கட்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பணம் வந்தால் குறிப்புகளின் எண்ணிக்கை பெருகித் தரம் குறையும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

பெயர் நிற்க வேண்டுமானால் ஆள் நிற்க வேண்டும்

இங்குதான் நம் வட்டாரத்தின் நிலை சிக்கலாகிறது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை எந்த ஆலையிலும் ஒரே வரிசையில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தக்காரர் அனுப்பிய தொழிலாளி, பயிற்சியாளர், தொழில் பழகுநர் என்று பல வகையினர் நிற்கக் காணலாம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பழகுநர் கற்பவரேயன்றித் தொழிலாளி அல்லர். அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பக்கத்தில் நிற்பவர் ஒடியாவோ அசாமியமோ பேசுபவராகவும் இருக்கலாம். தர வட்டம் கூடினாலும் மீன்முள் படம் எந்த மொழியில் எழுதப்படும்? தமிழில் தடையின்றிப் பேசுபவர், ஆங்கில வாசகங்கள் அச்சிட்ட தாளைக் கண்டதும் வாய் மூடிக்கொள்வதைப் பயிற்சிக்குச் சென்று வந்த என் மாணவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், ஆலையே நிலைக்குமா என்ற ஐயம். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையில் உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தனர். அவர்களில் பெண்களே மிகுதி. 2014 நவம்பர் 1ஆம் நாள் அது நின்றது. மணலளவு உறுப்புகளைத் தாங்கிய மின்சுற்றுப் பலகையைக் கையாளும் பழக்கம், சோதனையில் தவறும் கைப்பேசியைக் கண்ட மாத்திரத்தில் காரணம் சொல்லும் திறன், இவையெல்லாம் எட்டாண்டுகளில் சேர்ந்தவை. பல ஊர்களுக்குத் திரும்பிப் போன பேருந்துகளில் அவையும் போயின.

ஓராண்டில் வெளியேறப் போகிறவருக்குத் தம் நுணுக்கத்தைச் சொல்ல நிரந்தரத் தொழிலாளி ஏன் முயல வேண்டும்? சொல்லிக் கொடுத்தால், குறைந்த ஊதியத்தில் அவரையே தம் இடத்தில் வைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. வந்தவரோ, தாம் கண்ட பிழையைச் சொன்னால் ஒப்பந்தம் நீடிக்காதோ என்று அஞ்சுகிறார். டெய்லரின் லேத் பட்டறையில் இருந்த அதே கணக்குதான் இது. கூலி வீதத்தின் இடத்தில் ஒப்பந்தக் காலம் வந்து நிற்கிறது. எந்திரங்கள் மட்டும் நூற்றைம்பது ஆண்டு முன்னேறிவிட்டன.

பல ஆலைகளில் வேலை வரிசையின் தொடக்கத்தில் ஒரு பலகை தொங்குவதைப் பார்க்கலாம். தொழில் பழகப் போகும் மாணவர்கள் அதைத் தேடிப் பாருங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள், சந்திக்கும் இடங்களில் நான்காகப் பிரித்த சிறு வட்டங்கள். கால் வட்டம் கறுத்திருந்தால் அவர் அந்த வேலையைக் கற்கத் தொடங்கியிருக்கிறார். அரை வட்டம் என்றால் ஒருவர் உடனிருக்கச் செய்வார். முக்கால் வட்டம் என்றால் தனியே செய்வார். முழு வட்டம் கறுத்திருந்தால், பிறருக்குக் கற்றுக்கொடுக்க வல்லவர் என்று பொருள். தனியே செய்வதைக் காட்டிலும் கற்றுக்கொடுப்பது ஒரு படி மேல் என்று அப்பலகையை வகுத்தவர்கள் கருதியிருக்கிறார்கள். முழு வட்டம் உள்ள பெயர்களுக்கு நேரே, அவர்கள் ஆலையில் சேர்ந்த ஆண்டு எது என்று விசாரித்துப் பாருங்கள். பிறகு, முக்கால் வட்டத்தோடு நின்றுவிட்ட பெயர்களுக்கும் அதையே கேளுங்கள்.